தேக்கா, ஸ்கிரீன் பிரேமா, ஈர்க்கா: கைக்காகித மோல்டுக்கு எதை எடுப்பது?

சில மாதங்களுக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். ஒருவர் கானாடுகாத்தானில் தாத்தா வீட்டைத் தங்கும் விடுதியாக்கி நடத்துகிறவர்; வருகிறவர்களுக்குக் காகிதம் எடுக்கச் சொல்லிக்கொடுக்க நினைக்கிறார். இன்னொருவர் தேவகோட்டைப் பக்கம் பள்ளி ஆசிரியை, வகுப்பில் முப்பது பிள்ளைகள். மூன்றாமவர் காரைக்குடி ஆச்சி ஒருவர். மகள் கல்யாணத்தில் இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் திருமண ஒப்பந்தம்) எழுதும் தாளைத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. கேள்வி இதுதான்: மோல்டும் டெக்கிளும் எதில் செய்வது?

புதிதாக வருபவர்களுக்காக இரண்டு வரி. மோல்டு என்பது சல்லடை இழுத்துக் கட்டிய சட்டம். டெக்கிள் அதன் மேல் உட்காரும் வெறும் சட்டம், அதில் சல்லடை கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பிடித்து, நாரை அரைத்துத் தண்ணீரில் கலந்த கூழில் முக்கித் தூக்கினால் தண்ணீர் வடிந்து நார் மட்டும் சல்லடை மேல் படியும். டெக்கிள்தான் தாளுக்கு வரப்பு. அதை எடுத்துவிட்டு, மோல்டை ஈரக் கம்பளித் துணி மேல் கவிழ்த்து அழுத்தினால் தாள் துணிக்கு மாறிக்கொள்ளும்.

நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பேச்சு உடனே மரத்துக்குப் போய்விடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால் இடித்த வீடுகளின் கதவு நிலை, சன்னல் சட்டம், தூண் என்று தேக்கு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அதனால் எல்லோரும் தேக்கு வாங்கிவிட்டுத்தான் மற்றதை யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது சொல்கிறேன், முதலில் சல்லடையை முடிவு செய்யுங்கள். அடுத்து, அந்தச் சல்லடையைக் கீழிருந்து எது தாங்கப்போகிறது என்று பாருங்கள். மரத்தின் முறை அதற்கு அப்புறம்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

எத்தனை தாள், எத்தனை நாள். ஒரு கல்யாணத்துக்கு ஐம்பது தாள் எடுப்பதும், வாரம் நூறு தாள் என்று வருடக்கணக்கில் எடுப்பதும் வேறு வேறு வேலை. மரத்துக்குச் செலவு செய்யலாமா என்பதை இந்த ஒரு கேள்வியே பாதி தீர்த்துவிடும்.

முக்குவதா, ஊற்றுவதா. தொட்டி நிறையக் கூழ் வைத்து முக்கினால் டெக்கிள் ஆழம் குறைவாக இருந்தாலும் போதும். மோல்டைத் தண்ணீரில் வைத்து அளந்த கூழை உள்ளே ஊற்றுவதானால் டெக்கிள் பெட்டி மாதிரி உயரமாக வேண்டும். கோடையில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரும் நம் ஊரில் ஊற்றும் முறையை ஒதுக்கிவிட வேண்டாம். ஏ4 மோல்டை முக்க வசதியான தொட்டிக்கு ஐம்பது, அறுபது லிட்டர் தண்ணீர் ஆகிவிடும். ஊற்றுவதற்கு அவ்வளவு வேண்டாம்.

டெக்கிள் ஆழத்தைக் கணக்குப் போட்டே வைக்கலாம். ஏ4 பரப்பு 624 சதுர சென்டிமீட்டர். ஆழம் 12 மில்லிமீட்டர் என்றால் ஒரு தடவைக்கு முக்கால் லிட்டர் கூழ் பிடிக்கும். கூழில் நூற்றுக்கு ஒரு பங்கு நார் இருந்தால் ஏழரை கிராம் நார், அதாவது சுமார் 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) தாள். இன்னும் தடிமன் வேண்டுமானால் ஆழத்தைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் கூழைக் கெட்டியாக்க வேண்டும். கெட்டிக் கூழ் திரிதிரியாக நிற்கும், தாள் ஒரே சீராக வராது. அதனால் நான் ஆழத்தைக் கூட்டச் சொல்வேன்.

சல்லடைக் கண். அங்குலத்துக்கு 40 முதல் 60 கண் இருந்தால் பருத்திக் கூழுக்கும் பழைய தாளை ஊறவைத்து அரைத்த கூழுக்கும் சரியாக இருக்கும். சன்னலுக்குப் போடும் கொசு வலையில் அங்குலத்துக்குப் பதினாறு, பதினெட்டுக் கண்தான். அதில் நார் கண்ணுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், கவிழ்க்கும்போது தாள் விடாது. மறுபக்கம், கண் மிக நுணுக்கமாக இருந்தால் தண்ணீர் வடிய நேரமாகும், கை வலிக்கும்.

தொய்வு. ஏ4 மோல்டைத் தூக்கும்போது முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் தண்ணீர் மேலே நிற்கிறது. சல்லடை நடுவில் தொய்ந்தால் கூழ் அங்கே தேங்கும், தாள் நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும். காய்ந்ததும் சுருளும்.

கறை. இரும்பு ஆணி, ஸ்டேப்ளர் பின், ஊறும் மரச் சாயம். இவை முதல் நாள் தெரியாது, பத்தாவது நாள் தாளில் பழுப்புப் புள்ளியாக எழும்பும்.

## ஒரே பார்வையில்

| | பழைய தேக்கு, எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வலை | ஸ்கிரீன் பிரிண்டிங் பிரேம் | போட்டோ பிரேம், கொசு வலை | ஈர்க்குப் பாய் |
|---|---|---|---|---|
| முதல் செலவு | அதிகம், கூலிதான் பெரிது | நடுத்தரம் | மிகக் குறைவு | பொருள் மலிவு, உழைப்பு அதிகம் |
| தயாராக | ஒரு வாரம் | ஒரு நாள் | ஒரு மணி நேரம் | பல நாள் |
| உழைக்கும் காலம் | பல வருடம் | வலை கிழியும் வரை | சில வாரம் | பராமரிப்பைப் பொறுத்தது |
| பெரிய அளவு | ஏ2 வரை வசதி | ஏ4 தாண்டினால் தொய்வு | ஏ5 போதும் | குறுகிய தாள் |
| தாளின் முகம் | வழுவழுப்பு | மிக வழுவழுப்பு | சொரசொரப்பு | வரி வரியாக |
| மறைந்த செலவு | பழைய ஆணி, பெயின்ட், சேதாரம் | சரியான கண் தேடும் அலைச்சல் | மறுபடி மறுபடி மாற்றுவது | பூஞ்சை, நீள நார்க் கூழ் |

## பழைய தேக்கில் ஆசாரி செய்யும் மோல்டு

இதற்குத்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. கெடுக்கவும் அதிகம் இடம் இருப்பது இதில்தான்.

செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் வந்த பர்மா தேக்கு, பல பத்தாண்டுகள் காய்ந்து ஓய்ந்த மரம். அசைவது பெரும்பாலும் முடிந்துவிட்டது. மோல்டு என்பது தினம் நனைந்து தினம் காயும் சாமான்; மரம் முறுக்கினால் நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் உட்காராது, டெக்கிளுக்கும் மோல்டுக்கும் நடுவே சந்து விழும், கூழ் அதில் கசிந்து தாளின் ஓரம் பிசிறாகும். வைரம் பாய்ந்த பழைய தேக்கில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மரத்திலேயே எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் உளுத்தும் போகாது.

ஆனால் அந்த மரம் சும்மா வரவில்லை, கூடவே ஒரு நூற்றாண்டையும் கொண்டுவருகிறது. என் முதல் மோல்டுக்கு ஒரு சன்னல் சட்டம் வாங்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. ஆசாரி இழைத்ததும் உள்ளே பொன்னிறம், நடுவே மூன்று இடத்தில் மட்டும் மை கொட்டியதுபோல் கருவளையம். ஆணி எப்போதோ பிடுங்கப்பட்டிருந்தது, இரும்பு மரத்துக்குள் கறுத்துப்போய் அப்படியே இருந்தது. மோல்டைத் தண்ணீரில் போட்ட இரண்டாம் வாரம் தாளின் ஓரத்தில் அந்த மூன்று இடத்துக்கு நேராகச் சாம்பல் நிறத் திட்டு வந்தது. அதற்கப்புறம் கருவளையம் இருக்கும் பகுதியை நான் எடுப்பதே இல்லை. நான்கு அடி சட்டத்தில் இரண்டரை அடி தேறினால் நல்லது என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். உடைந்து உள்ளேயே நிற்கும் ஆணி இழைப்புளியின் வாயையும் கெடுக்கும், ஆசாரியின் மனதையும் கெடுக்கும். மரத்தை அவரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு காந்தத்தை நெடுக ஓட்டிப் பாருங்கள்.

பழைய பச்சை, நீல பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். ஈரத்தில் சுரண்டி எடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அளவு சொல்வதில் ஒரு சங்கடம் வரும். ஆசாரிக்கு இறுக்கம்தான் பெருமை. டெக்கிள் மோல்டின் மேல் உட்கார்ந்து வெளிவிளிம்பைக் கவ்வும் மாதிரி செய்யச் சொன்னபோது, சுற்றிலும் அரை நூல் (ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) இடம் விடச் சொன்னேன்.

"எதுக்குத் தம்பி இவ்வளவு லூசு? பாக்க நல்லா இருக்காதே" என்றார்.

"தண்ணியில கெடக்கிற சாமான் அண்ணே. ஊறினா இறுகிக்கும்" என்றேன்.

ஒரு ராத்திரி ஊறவைத்துக் காலையில் இருவரும் பொருத்திப் பார்த்தோம். அந்த அரை நூல் ஏறக்குறைய மறைந்திருந்தது. இடம் விடாமல் செய்திருந்தால் டெக்கிளைப் பிடுங்கும்போதே ஈரத்தாள் குலுங்கிக் கிழிந்திருக்கும். அன்றிலிருந்து அவரே புது மோல்டை ஊறவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.

மூலைகளை வெறும் பசையும் ஆணியுமாக விடக்கூடாது. பாதிக்குப் பாதி வெட்டிப் பொருத்தி, பித்தளைத் திருகு போடச் சொல்லுங்கள். சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் விட்டுவிடும். நீர் தாங்கும் வகை வேண்டும், அல்லது அரால்டைட். தேக்கில் உள்ள எண்ணெய், பசையை ஒட்டவிடாது என்பதால் ஒட்டும் இடத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு உடனே பசை தடவ வேண்டும்.

இனி முக்கியமான இடம், சல்லடைக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டங்கள். நல்ல மரம், நல்ல வலை எல்லாம் வாங்கியவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அகலவாக்கில், சுமார் ஒன்றேகால் இஞ்சுக்கு ஒன்றாக ஓட வேண்டும். ஏ4-க்கு எட்டு வரும். மேல்முனை கத்தி மாதிரி மெலிந்து, கீழே தடித்து, நீர்த்துளியைப் போல இருக்க வேண்டும். ஏன் இந்த வடிவம் என்றால், மேல்முனை தட்டையாக இருந்தால் வலைக்கும் மரத்துக்கும் நடுவே தண்ணீர் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் வடிவது மாறுவதால் நாரும் வேறு மாதிரி படியும். காய்ந்த தாளை வெளிச்சத்தில் பிடித்தால் எட்டுக் கோடும் தெரியும். சீவ ஆசாரிக்குப் பொறுமை இல்லையென்றால் மாற்று ஒன்று உண்டு: பெரிய கண் எஸ்.எஸ். வலையைக் குறுக்குச் சட்டங்கள் மேல் விரித்து, அதற்கு மேல் நுணுக்க வலையைக் கட்டுவது. கோடு போய்விடும், சட்டங்களின் எண்ணிக்கையையும் குறைக்கலாம்.

வலை எஸ்.எஸ். 304, 40 அல்லது 50 கண். வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். மெல்லிய பித்தளைத் தகட்டை மடித்துச் சுற்றி அடித்துவிடுங்கள். ஸ்டேப்ளர் பின் அடிப்பதானால் அதுவும் எஸ்.எஸ். பின்னாகவே இருக்கட்டும்.

மாற்று மரங்களைப் பற்றிச் சுருக்கமாக: பலா புதிதாக இருந்தால் மஞ்சள் சாயம் விடும். மாமரம் ஈரத்தில் சீக்கிரம் கெடும். பிளைவுட்டின் ஓரம் பிரியும். ஏற்கெனவே வீட்டில் தேக்கு ரீப்பர் துண்டு கிடந்தால் அதுவே போதும், பர்மா என்ற பெயருக்காகத் தேடிப் போக வேண்டாம்.

இது யாருக்கு: வாரம் தவறாமல் தாள் எடுப்பவர்களுக்கு, ஏ3, ஏ2 என்று போகிறவர்களுக்கு, தாளை விற்கிறவர்களுக்கு. கானாடுகாத்தான் நண்பருக்கும் இதுதான் என் பதில். விருந்தினர்கள் தினம் கையாள்வார்கள், தவறிக் கீழே போடுவார்கள்; எதையும் தாங்கும். அத்துடன், அந்த வீட்டின் பின்கட்டில் கழற்றி வைத்த தேக்கிலேயே செய்யலாம். மரத்துக்குச் செலவே இல்லை, கூலி மட்டும்தான்.

## ஸ்கிரீன் பிரிண்டிங் பிரேம்

அச்சடிப்பதற்காக வலை கட்டி விற்கும் சட்டம் இது. பலருக்கு இது நினைவுக்கே வருவதில்லை. எனக்கு இதில் மிகுந்த மரியாதை உண்டு. மோல்டின் கடினமான வேலை வலையை மத்தளம்போல் இழுத்துக் கட்டுவது. அதை இயந்திரத்தில் இழுத்து, தட்டையான முகத்தில் ஒட்டியே கொடுக்கிறார்கள். வலை சட்டத்தின் முகத்தோடு சமமாக நிற்பதால் கவிழ்த்து அழுத்தவும் ஏற்றது.

கவனிக்க வேண்டியது கண்தான். கடைகளில் சாதாரணமாக வைத்திருப்பது அச்சுக்கான நுணுக்க வலை. 43டி என்றால் சென்டிமீட்டருக்கு 43 இழை, அங்குலத்துக்கு 110 ஆகிறது. நமக்கு அது மிக நெருக்கம். துணி அச்சுக்குப் போடும் பெரிய கண் வலை இருக்கிறதா என்று கேளுங்கள். சென்டிமீட்டருக்கு இருபதுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. காரைக்குடியில் இல்லையென்றால் மதுரையிலோ சிவகாசியிலோ சொல்லிவைத்து வாங்க வேண்டியிருக்கும், அந்த அலைச்சலையும் செலவில் சேருங்கள். பாலியஸ்டர் வலையாகவே கேட்டு வாங்குங்கள். நைலான் தண்ணீரைக் குடித்துத் தளரும்.

கீழே தாங்கல் கிடையாது என்பதால் ஏ4 வரைதான் நம்பலாம். ஏ3-ல் நடு தொய்யும். பிரேம் அலுமினியம் என்றால் துருப் பயமில்லை. ஆனால் வாழைநாரைக் காஸ்டிக் சோடாவில் வேகவைப்பவர்கள் கூழை நன்றாக அலசிவிட்டே தொட்டியில் போட வேண்டும். சோடா மிச்சமிருந்தால் அலுமினியத்தை அரிக்கும், கறுக்கவைக்கும்.

இதோடு டெக்கிள் சேர்ந்து வராது. அதைத் தனியே செய்துகொள்ள வேண்டும்.

இது யாருக்கு: ஏ4-க்குள், சில நூறு தாள் வரை, எழுதும் முகம் வழுவழுப்பாக வேண்டும் என்பவர்களுக்கு.

## போட்டோ பிரேமும் கொசு வலையும்

காணொளிகளில் எல்லோரும் காட்டுவது இது. ஒரு சாயங்காலம் கையை நனைத்துப் பார்க்க, இதைவிட எளிய வழி இல்லை.

பொதுவாக நடக்கும் தவறு, வலையைக் கண்ணாடி உட்காரும் பள்ளத்துக்குள் ஒட்டுவது. அப்போது வலை உள்ளே தள்ளி நிற்கும். கவிழ்த்தால் தாள் துணியைத் தொடாது. பிரேமின் தட்டையான பின்முகத்தின் மேல் வலையை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு பிரேமும் ஒரே அளவில், ஒன்றின் முதுகு இன்னொன்றின் முதுகைப் பார்க்க. தூள் அடைத்துச் செய்த பிரேம் தண்ணீரில் பிஸ்கட் மாதிரி ஊதிவிடும், அதனால் உண்மையான மரமா என்று பார்த்து வாங்குங்கள். கொசு வலை பெரிய கண் என்று முன்பே சொன்னேன். அதன் மேல் ஒரு சுற்று மெல்லிய பாலியஸ்டர் துணியை இழுத்துக் கட்டினால் தாள் விடும்.

இது யாருக்கு: தேவகோட்டை ஆசிரியைக்கு இதுதான். ஏ5 அளவில் ஆறு செய்துகொண்டால் ஐந்து பிள்ளைகளுக்கு ஒன்று வரும். பிள்ளைகளே செய்யட்டும், உடைந்தால் அவர்களே சரிசெய்யட்டும். வருடா வருடம் நடத்தப்போகிறார் என்றால் மூன்றாம் வருடம் கணக்குப் பார்க்கச் சொன்னேன். மாற்றிய பிரேம்களின் விலைக்கு ஒரு நல்ல மோல்டு வந்திருக்கும்.

## ஈர்க்குப் பாய்

எனக்கு மிகப் பிடித்தது இது. ஆனால் முதல் மோல்டாக யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கம்பி வலை ஐரோப்பிய வழி. இந்தியாவில் பழைய காகிதக்காரர்கள் மெல்லிய புல்தண்டுகளைக் குதிரை முடியால் பின்னிய பாயை ஒரு மரச்சட்டத்தின் மேல் விரித்து அதில்தான் தாள் எடுத்தார்கள். ஜப்பானில் அதே வேலைக்கு மூங்கில் குச்சி. பாய் தனியே கழன்று வரும். தாளோடு தூக்கி, அடுக்கின் மேல் சுருளைப் பிரிப்பதுபோல் விரித்துவிட்டுப் பாயை மட்டும் உரித்து எடுப்பார்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு தண்டும் ஒரு வரியாகத் தெரியும்.

நம் ஊரில் கொட்டான் (ஓலைக் கூடை) முடைகிறவர்கள் பனங்குருத்து ஓலையிலிருந்து ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் முடைவார்கள். அப்படிக் கழித்த ஈர்க்கை ஓர் அக்காவிடம் ஒரு கட்டு வாங்கி வந்தேன். ஈர்க்கு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும், அதனால் தலைமாற்றித் தலைமாற்றி அடுக்க வேண்டும். ஒரு சாண் அகலத்துக்குப் பின்ன எனக்கு நான்கு நாள் ஆனது. முதல் தாள் வந்தபோது, வரிகள் ஓலைச்சுவடியின் நரம்புபோல் ஓடுவதைப் பார்த்து நெடுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

பிறகு மழை வந்தது. பாயை ஈரத்தோடு சுருட்டி வைத்துவிட்டேன், கரும்பூஞ்சை பிடித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அலசி, நிழலில் விரித்துக் காயவைத்தால்தான் இது நிலைக்கும். நேர்வெயிலில் போட்டால் ஈர்க்கு வெடிக்கும். கூழும் நீள நாராக இருக்க வேண்டும். பழைய நோட்டுத்தாளை அரைத்த குட்டை நார் தண்டுகளுக்கு நடுவே ஓடிவிடும், வாழைநார் நிற்கும்.

இது யாருக்கு: ஒரு மோல்டில் கை பழகியவர்களுக்கு, தாளில் அந்த வரி வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு.

## இரண்டைச் சேர்த்தால்

காரைக்குடி ஆச்சி தேக்குதான் வேண்டும் என்று நின்றார். கல்யாணக் காரியம், வீட்டு மரத்தில் செய்தால் ஒரு நிறைவு என்றார். அது எனக்குப் புரிந்தது. ஆனால் அவருக்கு வேண்டியது ஐம்பது தாள், ஏ4 அளவு, மை ஊறாமல் பேனா ஓடும் முகம். அதற்கு எட்டுக் குறுக்குச் சட்டம் சீவி ஒரு மோல்டு செய்ய வேண்டியதில்லை.

அவருக்கு நான் சொன்னது இது. மோல்டுக்கு ஸ்கிரீன் பிரேம் வாங்கிக்கொள்ளுங்கள். டெக்கிளை மட்டும் வீட்டுத் தேக்கில் ஆசாரியிடம் செய்யுங்கள். நான்கே துண்டு, அரை நாள் வேலை. தாளின் ஓரத்தை வரைவது டெக்கிள்தான், அதனால் வீட்டு மரத்தின் தடம் தாளில் இருக்கத்தான் செய்யும். உள்ளளவு 210-க்கு 297 மில்லிமீட்டர் வைக்காமல் நீளம், அகலம் இரண்டிலும் ஐந்து மில்லிமீட்டர் கூட்டி வையுங்கள், காயும்போது தாள் கொஞ்சம் சுருங்கும். ஆழம் 15 மில்லிமீட்டர். அடிமுகம் கண்ணாடி மேல் வைத்தால் ஆடாமல் உட்கார வேண்டும்; சந்து தெரிந்தால் கண்ணாடியில் உப்புத்தாளை ஒட்டி, அதன் மேல் டெக்கிளை வைத்து எட்டு வடிவில் தேய்த்தால் மட்டமாகிவிடும். மை ஊறாமல் இருக்கக் காய்ந்த தாளுக்கு மைதாக் கஞ்சியை மெல்லியதாகத் தடவி மறுபடி காயவைக்க வேண்டும், அது மோல்டால் ஆகிற வேலை இல்லை.

சன்னல் சட்டத்தில் ஒரு துண்டை ஆச்சி எடுத்து வைத்திருக்கிறார். காந்தம் ஓட்டிப் பார்த்தாயிற்று, ஓர் ஓரத்தில் மட்டும் பிடித்தது. அந்த ஓரத்தை வெட்டித் தள்ளிவிட்டு மிச்சத்தில் நான்கு துண்டும் தேறும் என்று ஆசாரி சொல்லிவிட்டார்.